துண்டுச் சீட்டிலிருந்து பிரஜாவுரிமை வரை

நம் சங்கத்து வாலிபர்களுள் தேசிய அடையாள அட்டை இல்லாதவர் இன்று அரிது. வயது வந்ததும் விண்ணப்பம் எழுதி அதனைப் பெற்றுக்கொள்கிறோம். தேர்தல் வந்தால் வாக்களிக்கிறோம். வெளிநாடு செல்ல விரும்பினால் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுகிறோம். இவையெல்லாம் மழையும் வெயிலும் போலத் தாமாக வந்தவை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. ஆனால் இதே நல்லதண்ணித் தோட்டங்களிலே பிறந்து, இங்கேயே கொழுந்து கொய்து, இங்குள்ள மண்ணிலேயே அடங்கிய நம் பாட்டன் பாட்டிமாருட் பலர் எந்த நாட்டின் பிரஜையும் ஆகாமலே கண்மூடினர். 1948ஆம் ஆண்டு பறிபோன உரிமை நம் சமூகத்தின் கடைசி மனிதனுக்கும் உரியதென்று சட்டம் ஒப்புக்கொள்ள 2003ஆம் ஆண்டு ஆயிற்று. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஐம்பத்தைந்து ஆண்டுச் சரித்திரத்தையும், அதற்கு முன்னிருந்த நூறாண்டுச் சரித்திரத்தையும் இளைஞர் அறிந்திருக்க வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே இதனை எழுதலானோம். பெரியோர்கள் இதில் பலவற்றைத் தாமே பட்டறிந்தவர்கள். அவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லப் போவது அதிகமில்லை.

ஒரு நாடு தன் வாசலை யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்நாட்டுக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. உலகில் குடிவரவுச் சட்டம் இல்லாத நாடு இல்லை. வெளியே நிற்பவனை உள்ளே வராதே என்பது ஒரு காரியம்; உள்ளே பிறந்து வளர்ந்தவனை நீ வெளியே நிற்பவன்தான் என்று சட்டத்தால் ஆக்குவது வேறொரு காரியம். நம் சமூகத்துக்கு நேர்ந்தது இரண்டாவது.

முதலில் நம்மவர் வந்த வகையைச் சொல்வோம். கோப்பித் தோட்டங்கள் கண்டிச் சீமையிலே பெருகிய 1820, 30ஆம் ஆண்டுகள் தொட்டு இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கூட்டங் கூட்டமாக மக்கள் அழைத்து வரப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலையேறினர். காலராவும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் கொண்டுபோன உயிர்களுக்குச் சரியான கணக்கில்லை. மொரீஷியஸ், பிஜி முதலிய தீவுகளுக்குப் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அத்தகைய நீண்ட ஒப்பந்தம் இல்லை. காரணம், இங்கே கங்காணி முறை இருந்தது. பெரியகங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் அயலிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவான். ஒப்பந்தம் இல்லாததால் இவர்கள் சுதந்திரமான தொழிலாளர் என்று அன்றைய துரைமார் பெருமையாக எழுதி வைத்தார்கள். அந்தச் சுதந்திரத்தின் இலட்சணம் என்ன என்பதைத் துண்டு என்ற ஒரு சொல் காட்டிவிடும்.

துண்டு என்பது தோட்டத்துரை கொடுக்கும் சீட்டு. இன்ன தொகைக் கடனைக் கட்டிவிட்டால் இந்த ஆளை அனுப்பிவிடச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டம் போக விரும்புகிறவன் அந்தச் சீட்டோடு போக வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி, அதனையும் அதற்கு மேற்பட்டதையும் அவன் கணக்கிலே ஏற்றிக்கொள்ளும். தோட்டம் மாற மாறக் கடன் வளருமேயன்றிக் குறையாது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறைத் தண்டனைக்கும் அன்றைய சட்டத்தில் இடமிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகர டிக்கட் என்னும் முறையும் வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரவில்லையைப் புறப்படுகிறவனிடம் கொடுத்துவிடுவார்கள். வழிச்செலவு முழுவதும் அந்த எண்ணின் பேரில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். மனிதன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லுமுன் அவனுடைய தகரம் அவன் போய்ச் சேருமிடத்தைச் சொல்லிவிடும்.

பிற்பாடு திருச்சியிலே இலங்கைத் தொழில் கமிஷன் காரியாலயமும், மண்டபத்தில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமும் ஏற்பட்டன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும் இருபுறமும் ரயிலும் இணைந்தன. 1922இல் இந்திய அரசாங்கம் குடியகல்வுச் சட்டம் இயற்றியது. அதற்கிசைய 1923இல் இங்கும் ஒரு சட்டம் பிறந்தது. 1927இல் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. கண்டியிலே இந்திய அரசாங்கத்தின் ஏஜண்ட் ஒருவர் இருந்து மேற்பார்த்தார். இத்தனையையும் விரித்துரைப்பதன் நோக்கம் ஒன்றே. நம்மவர் யாரும் திருட்டுத்தனமாக இந்நாட்டில் நுழையவில்லை. இரண்டு அரசாங்கங்கள் சட்டம் எழுதி, ஆபீஸ் திறந்து, அம்மை குத்தி, டிக்கட் கொடுத்து அழைத்து வந்தார்கள். இதற்கு இணையான அழைப்பு இந்தத் தீவிலே வேறெவருக்கும் நடந்ததில்லை.

வாசல் அடைபடத் தொடங்கியதும் முதலில் இந்தியப் பக்கத்திலிருந்துதான் என்பது இளைஞர் பலருக்கு வியப்பாயிருக்கும். 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வஜன வாக்குரிமை வந்தபோதே, இந்தியத் தொழிலாளருக்கு அதனைக் கொடுக்கலாகாது என்ற கூச்சல் எழுந்து, வசிப்பிடம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் சென்று மந்திரியானார். அடுத்த 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே ஹட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். 1930களின் பொருளாதார மந்தத்தால் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகவே, 1939இல் இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் வேலைபார்த்த இந்திய நாட்கூலிகளை நீக்கத் துணிந்தது. ஜவஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் நேரில் வந்து பேசியும் பயனில்லை. அவர் வந்திருந்தபோதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இலங்கைக்குப் புதிதாகத் தொழிலாளர் செல்வதை இந்தியா தடுத்துவிட்டது. ஆகவே 1939க்குப் பின்னர் தோட்டத்துக்குக் கூலியாகப் புதியவர் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 1948இல் ‘வந்தேறிகள்’ என்று யாரைக் குறித்துச் சட்டசபையிலே பேசினார்களோ, அவர்களில் பெரும்பாலார் இங்கே பிறந்தவர்கள், அல்லது இங்கே பல்லாண்டு கழித்தவர்கள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நம் மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் அவருட் சிலர். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. ஏழு ஆசனமும் இந்த வாக்குப்பலமுமே நம் மக்களுக்கு வினையாய் முடிந்தன என்று நாம் கருதுகிறோம். சுதந்திரம் வந்தது 1948 பெப்ரவரி 4ஆம் தேதி. அவ்வாண்டு முடியுமுன் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி நவம்பர் 15ஆம் தேதி அமுலாக்கியது. இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். யோசித்துப் பாருங்கள்: கூலிலயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்தில், பாட்டனின் பிறப்புக்கு அத்தாட்சி எங்கே தேடுவது? கொழும்பிலே எத்தனையோ பெரிய குடும்பத்தாரும் தம் பாட்டனார் பிறந்த பத்திரத்தைக் கேட்டால் விழித்திருப்பார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வாசிகளின் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், விவாகமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மனைவி மக்களும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டே ஆண்டு தவணை. அதன்பின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் பின்னர் மந்திரியாகி இந்த இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். அதனால் பிரிந்தவர்களோடு எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்கிலே ஒரு பெரிய கட்சி பிறந்ததற்கும் நம் லயத்து மக்கள்தாம் காரணமாயினர் என்பதை நம்மவரே மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவில்லாமற் சொல்ல வேண்டும். காங்கிரஸ் ஆரம்பத்தில் இந்த விண்ணப்பங்களைப் பகிஷ்கரிக்கும்படி கூறியது. நீதியற்ற சட்டத்துக்கு ஏன் தலைவணங்க வேண்டும் என்ற தன்மானம் அதில் இருந்தது. ஆனால் இரண்டாண்டுத் தவணையில் பெரும்பகுதி அதிலே போய்விட்டது. பின்னர் மனம் மாறி, எல்லோரும் எழுதுங்கள் என்றபோது, கணக்கப்பிள்ளைமாரும் பாடசாலை ஆசிரியர்மாரும் இரவு பகலாக விண்ணப்பம் நிரப்பினர். 1951 ஆகஸ்ட் முடிவுக்குள் ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றிலே எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அடங்கினர். பத்துப் பதினோராண்டு விசாரணைக்குப் பின் உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தாம். பெயரில் ஓரெழுத்து வேறுபாடு, பிரசவத்துக்கு ஊர் போய்த் திரும்பக் காலதாமதமான மனைவி, செக்றோலில் ஒரு வயதும் பிறப்புப் பதிவில் ஒரு வயதும்—இப்படிப்பட்ட காரணங்களால் கோவைகள் மூடப்பட்டன. 1952 ஏப்ரலில் கொழும்பிலே தொடங்கிய சத்தியாக்கிரகம் நூற்று நாற்பது நாள் வரை நடந்தது. கோடாகன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. அவ்விரண்டுக்குமிடையே நடந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் நம்மவர் ஒருவரும் தெரிவாகவில்லை. தோட்டத் தொழிலாளரின் வாக்கினாலே பாராளுமன்றத்துக்கு மீண்டும் ஒரு பிரதிநிதி, நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான், தெரிவாக 1977ஆம் ஆண்டு ஆயிற்று.

பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். அதே ஆண்டு 20ஆம் இலக்கமாக இயற்றப்பட்டு 1949 நவம்பர் முதல் தேதி அமுலான குடிவரவு குடியகல்வுச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நாள்தோறும் நம்மைத் தொட்டது அந்தச் சட்டமே. அதுவரை அக்கரையும் இக்கரையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளைப் போலிருந்தன. குலதெய்வத்துக்குப் பொங்கலிட, பெண் பார்க்க, தாய்க்குக் கொள்ளி வைக்கப் போய்வந்த பாதை அது. இப்பொழுது விசா, மீள்வருகை அனுமதி, தற்காலிக வாசத்துக்கு டீ.ஆர்.பி. என்றெல்லாம் சொற்கள் தோன்றின. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் புடவைக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்த திருநெல்வேலி, இராமநாதபுரத்து வியாபாரிகள் ஆண்டுக்காண்டு அனுமதி புதுப்பித்து, அது மறுக்கப்பட்டதும் கடையைப் பூட்டிப் போனார்கள். அனுமதியில்லாமல் தோணியேறி வந்தவர்களைப் பிடிக்க வடமேற்குக் கரையில் காவல் வைக்கப்பட்டது. 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையும் இத்தகைய வருகையைத் தடுப்பதையே முதலிற் பேசியது. கள்ளத்தோணியில் வந்தவர் சிலர் இருந்தது உண்மை. ஆனால் ‘கள்ளத்தோணி’ என்ற பெயரோ, நான்கு தலைமுறையாய்த் தேயிலைக்கு உரமானவர் முதுகிலும் ஒட்டப்பட்டது. சட்டம் ஒரு சமூகத்தைப் பார்க்கும் பார்வையைச் சந்தையிலும் பஸ்ஸிலும் உள்ளவர்கள் எவ்வளவு விரைவில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வசைச்சொல்லே போதும்.

இனி 1964. அக்டோபர் 30ஆம் தேதி புதுடில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர். இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம். எல்லாம் பதினைந்தாண்டில் முடிய வேண்டும். ஏழுக்கு நான்கு என்ற விகிதம் இப்படி வந்தது. அந்த ஒன்பதே முக்கால் லட்சத்திலே ஒருவரையும், அவர்களின் பிரதிநிதிகளையும் இசைவு கேட்டு இக்கணக்குப் போடப்படவில்லை. மிகுதி ஒன்றரை லட்சத்தை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் பாதிக்குப் பாதியாய்ப் பகிர்ந்தனர். ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டின் டிசம்பரிலே வீசிய புயலில் தனுஷ்கோடி கடலுக்கிரையாயிற்று. பாட்டன்மார் கப்பலேறிய துறையே அழிந்து போனபின், பேரன்மார் இராமேசுவரத்திலே போய் இறங்க வேண்டியதாயிற்று.

1967ஆம் ஆண்டு அமுலாக்கச் சட்டத்தின்படி 1970 ஏப்ரல் வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டன. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் நான்கு லட்சம் அளவே. இலங்கை கேட்டவர் ஆறு லட்சத்துக்கும் மேல். மக்களின் விருப்பம் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட வேறு வாக்கெடுப்பு வேண்டியதில்லை. (அந்த விண்ணப்பங்கள் நிரப்பப்பட்ட காலத்திலேதான் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியாப் பட்டினமும் நீரில் மூழ்கிற்று. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிற் கட்டிடங்கள் தலைகாட்டுவதை இன்றும் காண்கிறோம்.) பின்பு 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம், தோட்டங்களை அரசு ஏற்றல், 1973–74இன் பஞ்சம் ஆகியவை வந்தன. மா இல்லை, அரிசி இல்லை, வேலை நாள் இல்லை. போவதில்லை என்று உறுதியாயிருந்த பலரைப் போகச் செய்தது ஒப்பந்தம் அல்ல, பசிதான். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இன்னும் பலரை வெளியேற்றின.

குடும்பங்கள் பிரிந்ததை எழுத இம்மலரின் பக்கங்கள் போதா. ஒரே லயத்தில் அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பாஸ்போர்ட். கலியாணப் பேச்சிலே ஜாதகம் கேட்குமுன் எந்த நாட்டுப் பத்திரம் என்று கேட்ட காலம் அது. மனைவி புருஷன் பத்திரத்தோடு போக வேண்டும். அவளைப் பெற்ற தாய் இங்கே இருப்பாள். குடும்ப அட்டையில் இல்லாத பிள்ளை, அட்டையில் இருந்தும் இறந்துபோன கிழவி, கண்டியிலிருந்த இந்திய உதவி ஹைகமிஷன் காரியாலயத்துக்கு நடந்த நடை—இவற்றை மூத்தோரைக் கேட்டுத் தெரிந்துகொள்க. சேவைக்காலப் பணம் வந்ததும் பெட்டியைக் கட்டி, மாரியம்மன் கோயிலில் விபூதி வாங்கிக்கொண்டு, தலைமன்னாருக்கு ரயிலேறுவார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்களும் ஏறியவர்களும் கட்டிப்பிடித்து ஓலமிட்டதனால் அதனை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொன்னார்கள்.

நம்முடையவை போன்ற சங்கங்கள் அடைந்த நஷ்டம் தனி. எழுதப் படிக்கத் தெரிந்தவனும், கூட்டத்தில் எழுந்து பேசக் கூடியவனும், தப்பு அடிப்பவனும், காமன் கூத்தில் வேஷங் கட்டுபவனும் ஒரே கோச்சியில் போனால், மிஞ்சிய லயத்திலே திருவிழா எப்படி நடக்கும்? இராப் பாடசாலைகள் மூடின. பஜனைக் கூடங்கள் விளக்கின்றிக் கிடந்தன.

போனவர்கள் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகம். பின்னர் பிறந்த பிள்ளைகள் இதிற் சேரார். நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் அவர்களுக்காகவே வளர்க்கப்பட்டது. கன்னட நாட்டில் சுள்ளியா, புத்தூரிலும் கேரளத்தில் புனலூரிலும் ரப்பர் தோட்டங்கள். ஆந்திரத்தில் நூல் ஆலைகள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழருக்கும் இவர்களுக்குமாக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் தோட்ட வேலையன்றி வேறறியாதவன் கையிலே கடைவைக்கச் சிறு கடன் கொடுத்தால் அது எத்தனை நாள் நிற்கும்? இங்கே இந்தியாக்காரன் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனார்கள். இன்றும் கோத்தகிரிச் சந்தையிலே அப்பெயர் வழங்குகிறது.

சென்சஸ் கணக்கு இவையனைத்தையும் சுருங்கச் சொல்லும். 1953இல் இந்தியத் தமிழர் தீவின் ஜனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், 1981இல் ஐந்தரை, 2012இல் நான்கு சொச்சம். அஞ்சி இலங்கைத் தமிழரென்று பதிந்துகொண்டவர் சிலரும் இக்குறைவில் அடங்குவர். பிரஜாவுரிமை போகாதிருந்தால் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் காணியும் கேட்டு வாங்கும் பலம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். முப்பதாண்டுக் காலம் வாக்கில்லாத மக்களின் லயத்துக்குக் கூரைத்தகடு போட எந்த அரசியல்வாதிக்கு அவசியம் இருந்தது?

1984இல் கப்பல் நின்றதும் ஒப்பந்தமும் நடைமுறையில் நின்றது. இந்தியப் பத்திரம் பெற்றும் போகாமல் இங்கேயே தங்கியவர்கள், விண்ணப்பமே போடாதவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு தொகையினர் மிஞ்சினர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெரும் பகுதியைத் தீர்த்தன. 2003 அக்டோபரில் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசிப்பவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை உண்டென்று கூறியது. பாராளுமன்றத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து அதனை நிறைவேற்றியதை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் பத்திரம் வந்த வேகத்தில் மற்றவை வரவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளே செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. மஸ்கெலியாவுக்கென்று தனிப் பிரதேச சபை வந்ததும் அவ்வாண்டே. தோட்ட வீட்டுக்கு ஏழு பேர்ச் காணியுறுதி என்பது பலருக்கு இன்னமும் பேச்சளவிலேயே நிற்கிறது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் கேட்டவற்றுள்ளும் காணி இடம் பெற்றது.

இன்னும் ஒரு கூட்டத்தாரை நம்மவர் அடியோடு மறந்துவிட்டனர். கலவரக் காலத்திலே வன்னி வழியாகப் போய்த் தோணியேறித் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் சேர்ந்த மலையகத்தார் பல்லாயிரவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியர் என்றால் அங்கே அகதி என்கிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தொடர்ந்து வசித்தவருக்கே என்றதால் முதலில் அதுவும் அவர்களைச் சேரவில்லை. 2009இல் இங்கே செய்த திருத்தம் அவர்களுக்கும் வழி திறந்தது. ஆனால் அவர்களிற் பலர் இந்தியாவிலேயே பிறந்த பிள்ளைகளோடு அங்கேயே பிரஜாவுரிமை கேட்டுக் கோர்ட்டுப்படி ஏறி நிற்கின்றனர். 2019இல் இந்தியா இயற்றிய திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

அத்தகைய வழக்குகளில் அவர்களுக்குத் தேவைப்படுவது பழைய தாள்கள்: தோட்டத்துப் பிறப்புப் பதிவு, செக்றோல் பிரதி, 1951இல் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது, குடும்ப அட்டை. அவை சில வேளை இங்கே, அவர்கள் விட்டுப்போன உறவினரின் டிரங்குப் பெட்டியிலே கிடக்கின்றன. நல்லதண்ணியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள பெரியோர்கள் அவற்றைக் குப்பையென்று எரித்துவிடாமல் வைத்திருக்கும்படியும், வாலிபர்கள் அவற்றைப் பிரதியெடுத்து, உரியவர் பெயரும் தோட்டமும் டிவிஷனும் குறித்துக் கோவை செய்யும்படியும் வேண்டிக்கொள்கிறோம்.